பாய்மரக் கலத்திற் பறவைக் கூடு

சென்ற ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்தில், இங்கிலாந்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கடிதமொன்று வந்தது. கடிதத்துடன் ஒரு படமும் இருந்தது. வெள்ளி நிறமான குழாய் ஒன்றின் வாயிலிருந்து ஒரு பிடி வைக்கோல் வெளியே தொங்குவதை அதிற் கண்டேன். வேறொன்றும் விளங்கவில்லை. கடிதத்தைப் படித்த பின்னரே விடயம் தெளிவாயிற்று.

"ஐயா, பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதையைத் தாங்கள் வகுப்பிற் சொல்லியபோது, 'அன்றைக்கு அந்தத் தேருக்கு அவசர வேலை ஒன்றும் இருக்கவில்லையா?' என்று கேட்டு, நான் வாங்கின் மேல் ஏறி நின்றது தங்களுக்கு நினைவிருக்கலாம். இப்பொழுது என் படகைக் குருவியொன்று கேட்கிறது. எனக்கோ அவசர வேலை இருக்கிறது" என்று அவர் எழுதியிருந்தார்.

அந்த அவசர வேலை இன்னதென்று கூறாவிட்டால், நேயர்கள் இதனை வெறும் வேடிக்கையாகக் கொள்ளக்கூடும். மாணவரின் தந்தையார் எண்பத்திரண்டு வயதினர். எமது வடகரையோரத்து ஊரொன்றிற் பிறந்து, பதினைந்தாம் வயதிலே பாய் வள்ளம் ஏறியவர். கடலிற் பொறிகள் வந்த பின்னர்ப் பாயைச் சுருட்டிப் பரணில் வைத்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் மகனிடம் போய்த் தங்குவதற்கு ஐந்து வாரங்களே குறிக்கப்பட்டிருந்தன. தந்தையின் கையிற் சுக்கானை ஒரு முறையாயினும் மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, எசெக்ஸ் மாநிலத்துப் பிளாக்வாட்டர் கழிமுகத்திற் பழைய பாய்க்கலம் ஒன்றை மகன் விலைக்கு வாங்கியிருந்தார். இருபத்திரண்டு அடி நீளமான சிறிய கலம். குளிர்காலம் முழுவதும் அதனைத் துடைத்துத் தேய்த்துச் சாயம் பூசிய பின், மூன்று வாரம் அலுவல் மிகுதியாற் போகாதிருந்துவிட்டார். போன அன்று, உள்ளே கூடு இருந்தது. கூட்டில் இரண்டு முட்டைகள் இருந்தன.

பாய்மரத்தின் அடியிலிருந்து பின்னோக்கிக் கிடையாக நீண்டு, பெரும்பாயின் அடிவிளிம்பைத் தாங்கி நிற்கும் கழியை ஆங்கிலேயர் 'பூம்' என்பர். முற்காலத்தில் அது மரத்தாற் செய்யப்பட்டது. இக்காலத்திற் பெரும்பாலும் உள்ளே வெறுமையான அலுமினியக் குழாயாக இருக்கும். அக்குழாயின் நுனியை மூடும் மூடி கழன்று விழுந்தாலோ, கயிறுகள் செல்வதற்கான துவாரம் அகலமாக இருந்தாலோ, பறவையின் கண்ணுக்கு அது மரப்பொந்தாகவே தோன்றும். பொந்திலும் மேலான பொந்து என்றே கூறலாம். சுற்றிலும் நீர், பூனை ஏறாது. மழை புகாது. மேலே சுருட்டிக் கட்டிய பாயும் அதன் மேற் கித்தான் உறையுமாக இருப்பதால் வெயிலும் உறைக்காது.

எமது வள்ளங்களில் இத்தொல்லையை நாம் கேள்விப்படுவதில்லை. காரணம் எளிது. எமது வள்ளம் திறந்த உடலை உடையது. அதிற் பொந்துகள் குறைவு. அன்றியும் அது நாள்தோறும் கடலுக்குப் போய் வருவது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்தது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பர். அத்தகைய கப்பலிற் குந்தியிருக்கப் பறவைக்கு அவகாசம் ஏது? பொழுதுபோக்குக் கலங்களோ வாரத்தில் ஐந்து நாள், சிலவேளை மாதத்தில் இருபத்தெட்டு நாள், ஆளின்றிக் கட்டுத்தறியிற் கிடப்பவை. ஆளில்லாத வீட்டில் வெளவால் புகுவது போலவே அவற்றிற் பறவையும் புகுகிறது.

குடிபுகுந்த பறவையின் பெயர் ஸ்ரார்லிங். எமது மைனாவுக்கு அது நெருங்கிய உறவு. கரிய உடலில் ஊதாவும் பச்சையும் மின்ன, ஆங்காங்கே வெண்புள்ளிகள் தெளித்தாற் போன்ற தோற்றம் உடையது. பிற பறவைகளின் குரலையும், மனிதரின் சீழ்க்கையையும் அப்படியே திருப்பிச் சொல்ல வல்லது. மொட்டைப் பனையின் பொந்தில் எமது மைனா கூடு வைப்பதை ஊர்ப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். ஸ்ரார்லிங்கும் அவ்வாறே பொந்து தேடும் இனம். முதலில் ஆண் பறவை இடம் பிடித்து, உலர்ந்த புல்லையும் வைக்கோலையும் அள்ளி அடைக்கத் தொடங்கும். பின்பு பெண் பறவை வந்து அதனைச் செப்பனிடும். பச்சை இலைகளையும் ஆண் பறவை இடையிடையே செருகும். அது பேடையைக் கவர்வதற்காகவா, உண்ணிகளை விரட்டுவதற்காகவா என்பதில் அறிஞர் ஒருமுகப்படவில்லை. அடைக்கும் வேகமோ வியப்புக்குரியது. காலையில் வெறுமையாகக் கண்ட குழாயை மாலையில் நிறைந்திருக்கக் காணலாம். நாளுக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு வரை இளநீல முட்டைகள் இடும். அடைகாத்தல் ஏறக்குறையப் பன்னிரண்டு நாள். குஞ்சுகள் பறந்து போக மேலும் மூன்று வாரம்.

இனி என் பிழையைக் கூறுகிறேன். கடிதம் கிடைத்த அன்றே, ஆசிரியர்களுக்கு இயல்பான அவசரத்தோடு மறுமொழி எழுதிவிட்டேன். "பூமைக் கூட்டோடு கழற்றி, கரையிலுள்ள மரக்கிளை ஒன்றிற் பத்திரமாகக் கட்டிவிடும். பறவைக்கும் இழப்பில்லை, உமக்குப் படகும் கிடைக்கும். அப்பாவை ஏமாற்ற வேண்டாம்" என்பதே நான் கூறிய வழி. எழுதி முடித்தபோது என் புத்தி நுட்பத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டு நாட் கழித்து, நூல்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் செய்த தவறு புலனாயிற்று.

முதலாவது, பறவை தன் கூட்டை அறிவது அது இருக்கும் இடத்தைக் கொண்டே. கட்டுத்தறியிலே கலம் வற்றுக்கும் பெருக்குக்கும் ஏற்பச் சுழன்றாலும் பறவை அதனைக் கண்டுகொள்கிறது. கூட்டைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோனாலோ, பழைய இடத்திற்கே வந்து சுற்றிச் சுற்றிக் கத்தும். முட்டை குளிர்ந்துவிடும். இதே காரணத்தால், பூமை அசையாது வைத்துவிட்டு முன்பாயை மாத்திரம் விரித்து ஓடலாம் என்ற யோசனையும் பயனற்றது. கலம் ஒரு பகல் முழுவதும் துறையை விட்டு நீங்கினால் அடைகாத்தல் அத்துடன் கெட்டுப்போகும்.

இரண்டாவது சட்டம். ஐக்கிய இராச்சியத்தில் 1981 ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் இருக்கிறது. பயனில் உள்ள கூட்டையோ, கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கூட்டையோ வேண்டுமென்று எடுத்தலும், சேதப்படுத்தலும், அழித்தலும் அதன்படி குற்றம். முட்டையை எடுத்தலும் அவ்வாறே. இங்கிலாந்தில் ஆறு மாதம் வரை சிறையும், எல்லை வரையறுக்கப்படாத தண்டப்பணமும் விதிக்க இடமுண்டு. என் அறிவுரையைக் கேட்டு நடந்திருந்தால், வாங்கின் மேல் ஏற்றிய மாணவனைக் கூண்டிலும் ஏற்றிய ஆசிரியன் ஆகியிருப்பேன்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. இதே பறவை அட்லாந்திக் சமுத்திரத்தின் மறுகரையிலே பூமுக்குள் புகுந்திருந்தால் நிலைமை வேறு. 1890, 1891 ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் நகரத்து மத்திய பூங்காவில் யூஜீன் ஷீஃப்லின் என்பவர் ஏறக்குறைய நூறு ஸ்ரார்லிங்குகளைப் பறக்கவிட்டார். அவை பெருகிப் பல கோடியாகி, அங்குள்ள பொந்து வாழ் பறவைகளோடு இடத்துக்குப் போட்டியிடுகின்றன. வேற்று நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இனமாதலால், 1918 ஆம் ஆண்டின் வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டம் அதற்குப் பாதுகாப்பளிப்பதில்லை. தாயகமாகிய இங்கிலாந்திலோ அதன் தொகை 1970களின் பின் மிகவும் குறைந்துவிட்டது. அருகிவரும் பறவைகளின் செந்நிரலில் இப்பொழுது அதன் பெயரும் இருக்கிறது. ஓரிடத்திற் கொள்ளைக்காரன், இன்னோரிடத்திற் காக்கப்பட வேண்டிய குடிமகன். கூட்டிற் கை வைக்குமுன், பறவை இன்னதென்றும் நாடு இன்னதென்றும் அறிய வேண்டுவது இதனாலேயே.

நல்லவேளையாக, என் மறுமொழி போய்ச் சேரும் முன்னரே மாணவர் தாமே சட்டத்தை விசாரித்து அறிந்திருந்தார். அறிந்ததனால் அவருடைய மனக்கலக்கம் அதிகரித்ததேயன்றிக் குறையவில்லை. ஐந்தாவது முட்டை ஏப்பிரல் 23 ஆம் தேதி இடப்பட்டது. விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். குஞ்சுகள் பறக்க மே மாதம் 26 ஆம் தேதியளவில் ஆகும். தந்தையார் விமானம் ஏற வேண்டிய நாள் மே 24.

அயற்கலத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "கந்தைத் துணியை அடைத்துவிட்டு, பாயை ஏற்றிக்கொண்டு போம். யார் காணப்போகிறார்கள்?" என்று சொன்னார். இந்த உபதேசம் எல்லாத் துறைகளிலும் கிடைப்பது. குஞ்சு இருக்கும்போது வாயை அடைத்தால், தாய்ப்பறவை வெளியே நின்று துணியை இழுத்து இழுத்துப் பார்க்கும். உள்ளேயுள்ளவை இரண்டொரு நாளில் மாண்டு போகும். அதன் பின்னர் அக்குழாயைத் துப்புரவு செய்ய வேண்டியவன் கலத்துக்குரியவனே. இரக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த நாற்றத்தை எண்ணினாலும் இவ்வேலையை ஒருவன் செய்யமாட்டான்.

மாணவர் முடிவு செய்யமாட்டாமல் தந்தையாரிடமே விடயத்தைச் சொன்னார். கிழவர் சிறு துடுப்புப் படகில் ஏறிக் கலத்தின் அருகே சென்று, பூமின் நுனியை நெடுநேரம் பார்த்தாராம். பேடை வெளியே தலையை நீட்டி அவரைப் பார்த்ததாம். "முட்டையில கிடக்கிறதை எழுப்பிப்போட்டு நான் எங்க ஓடப்போறன், தம்பி? விடு" என்றாராம்.

அவ்வளவுதான். அதன் பின்னர் நாள்தோறும் மாலையில் அவர் கரையிலே ஒரு மரப்பெட்டியின் மேல் அமர்ந்து, இரு பறவைகளும் புழுக்கொண்டு வருவதை எண்ணுவார் என்று மாணவர் எழுதினார். வற்றுக் காலத்திற் சேற்றின் மீது கலம் சாய்ந்து கிடக்கும், பெருக்கெடுத்ததும் நிமிரும். இரண்டையும் பார்த்துவிட்டு, "நல்ல அடிப்பாகம். காத்துக்கு மூக்கை நல்லாப் பிடிக்கும்" என்று ஒரு நாட் சொன்னாராம். பாய் விரிக்காமலே கலத்தின் குணத்தைக் கூறிவிட்டார். மே 24 ஆம் தேதி அவர் புறப்பட்டார். 26 ஆம் தேதி காலை நான்கு குஞ்சுகள் பறந்தன. ஐந்தாவது முட்டை பொரிக்கவில்லை.

இனிக் கூட்டை நீக்கும் முறையைச் சொல்வோம். குஞ்சுகள் போய்விட்டன என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. நுனியிலிருந்து மின்சூள் ஒளியைப் பாய்ச்சி, சிறு கைக்கண்ணாடி ஒன்றை வளைத்துப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். ஓரிரு நாட் காவலிருந்து, பறவை இரை கொண்டு வருகிறதா என்று அவதானிப்பது மேலும் நன்று. ஆனால் வாரக்கணக்கிற் காத்திருப்பதும் ஆகாது; ஸ்ரார்லிங் சிலவேளை அதே இடத்தில் இரண்டாம் முறையும் முட்டையிடும். இன்னும் ஐந்து வாரம் போய்விடும்.

பழங்கூட்டிலே கண்ணுக்கு அரிதாகத் தெரியும் செந்நிறச் சிற்றுண்ணிகள் மொய்த்திருக்கும். குஞ்சுகள் போனதும் அவை பசியோடு இருப்பவை. கையிலேறிக் கடித்தால் நாட்கணக்கிற் சொறிய நேரிடும். உலர்ந்த எச்சத்தின் தூசியை மூச்சோடு உட்கொள்வதால் நுரையீரல் நோய்கள் வரலாம். ஆகையால் வெறுங்கையோடு வைக்கோலை இழுத்துக் காற்றிற் பறக்கவிடுதல் கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, முதலிற் கூட்டின் மேற் சவர்க்கார நீரைத் தெளித்து நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும். நுனியை வளைத்த நீண்ட கம்பியால் நனைந்த வைக்கோலைச் சிறிது சிறிதாக இழுத்து, பையில் இட்டுக் கட்டிவிட வேண்டும். பின்பு குழாயின் ஒரு முனையிலிருந்து நன்னீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பூமுக்குள்ளே ஓடும் கயிறுகளில் வைக்கோல் சிக்கிக் கப்பிகளை அடைத்திருக்கும்; ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பாயிற் பட்ட எச்சத்தைச் சுரண்டாது, ஊறவைத்துக் கழுவுதலே முறை. மாணவருக்கு இவ்வேலை ஒரு முழு நாளைக் கொண்டது. ஒரு நீர்வாளி நிறைய வைக்கோல் வந்ததாம்.

பூமோடு தேடல் முடிந்துவிடவும் கூடாது. அடித்தளத்துப் பொறியறையிலும், வெளிப்பொறியின் மூடிக்குள்ளும் பறவை புகுவதுண்டு. சூடேறும் பொறியின் மேல் உலர்ந்த புல் கிடந்தால் தீப்பற்றும். ஆதலால் நெடுநாட் கிடந்த கலத்திற் பொறியை முடுக்குமுன் மூடியைத் திறந்து பார்ப்பது கட்டாயம். அறைக்குக் காற்று வரும் குழல்களும், குளிர்காய் அடுப்பின் புகைக்குழலும் அடைபட்டால் நச்சுப் புகை உள்ளே தங்கி உறங்குவோரின் உயிரையே போக்கிவிடும். மேற்றளத்து நீர் வடிதுவாரத்தில் வைக்கோல் அடைத்தால் ஒரு பெருமழைக்குக் கலம் நீர் நிறைந்து நிற்கும். இவற்றோடு ஒப்பிட்டால் பூமிலுள்ள கூடு சிறு தொல்லையே.

வராமற் காப்பதற்கு உரிய காலம் எது? பறவை முதல் வைக்கோலைக் கொண்டுவருவதற்கு முந்திய நாள். இங்கிலாந்திற் பெப்ரவரி முடிவு, அல்லது மார்ச்சுத் தொடக்கம் என்று கொள்ளலாம். அங்கே கட்டுகின்ற கூட்டுக்கும் பாதுகாப்பு உண்டு என்று மேலே சொன்னோம். அமெரிக்காவிற் காக்கப்பட்ட பறவையாயினும் முட்டையோ குஞ்சோ இல்லாத வெறுங்கூட்டை நீக்கச் சட்டம் பொதுவாக இடமளிக்கிறது. கழுகினங்களுக்கு விதி வேறு. ஆகையால் அமெரிக்கக் கலத்துக்காரன் நாள்தோறும் வந்து வைக்கோலை அள்ளி எறியலாம். ஆங்கிலேயன் பறவைக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

கடைகளில் விற்கும் மருந்துகளைப் பற்றி என் எண்ணத்தைக் கேட்டால், பெரும்பாலானவை பணத்துக்குக் கேடு. பிளாஸ்ரிக் ஆந்தையை முதலிரண்டு நாள் பறவை அஞ்சும். நான்காம் நாள் அதன் தலைமேல் இருந்து பாடும். மின்னும் தாட்கள் காற்றில் ஆடும்வரை சிறிது பயன் தரும். மனிதருக்குக் கேளாத மிகை ஒலி எழுப்பும் கருவியைச் சிலர் வாங்குகின்றனர். அவ்வொலி பறவைக்கும் கேளாது. பூச்சி உருண்டைகளை இடுவதோ மூடிய அறையில் உறங்கும் பிள்ளைகளுக்கே நஞ்சு. பசை பூசுதல் பறவையைச் சித்திரவதை செய்வது. தொய்வான வலையிலும் அது சிக்கிச் சாகும்.

பயன் தருவது ஒன்றே. ஓட்டையை அடைத்தல். பூமின் நுனிக்கு அளவாக மரத்தையோ பிளாஸ்ரிக்கையோ வெட்டி இறுக்கி, அது கழன்று கடலில் விழாதபடி சிறு கயிறு ஒன்றிற் கட்டிவிட வேண்டும். பஞ்சு நுரையைப் பறவை கொத்தி எடுத்துவிடும். காற்றுக் குழல்களுக்கு முற்றாக அடைப்பு இடலாகாது; துருப்பிடிக்காத நெருக்கமான கம்பி வலையே வேண்டும். பாயின் கித்தான் உறையை இரு முனைகளிலும் இறுக்கிக் கட்ட வேண்டும். மடிப்புக்குள்ளும் கூடு வைக்கும் பறவைகள் உண்டு. அடைக்குமுன் உள்ளே பறவை இல்லை என்று பார்க்க வேண்டும் என்பதை மீண்டும் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வசந்த காலத்தில் வாரம் இரு முறையாவது கலத்துக்குப் போய் வர வேண்டும். எமது கரையோரத்தார் இதனை யாரிடமும் கேட்டுப் படிக்கவில்லை.

தகைவிலான் குருவியின் கூட்டுக்கு இந்த அடைப்பு முறை போதாது. மாரி தொடங்கும் காலத்தில் வந்து எமது மின்கம்பிகளில் வரிசையாக இருக்கும் அதே குருவிதான். எம்மிடம் வருபவை ஆசியாவின் வடபகுதிகளில் இனம் பெருக்குபவை. அதே இனம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடையிற் கூடு வைக்கும். பொந்து அதற்கு வேண்டாம். அறையின் கூரையடியிலோ, மேற்றளக் கித்தான் கூடாரத்தின் உள்மூலையிலோ, ஈர மண்ணை வாயிற் கொண்டு வந்து உருண்டை உருண்டையாக ஒட்டும். ஒரு கூட்டுக்கு ஆயிரம் உருண்டை வரை செல்லும். அது நுழையும் வாயிலை மூடி வைப்பதும், தொங்கும் திரையால் மூலையை மறைப்பதுமே வழி. இரண்டு கண்டங்களிலும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

மாணவரின் அடுத்த கடிதம் இவ்வாண்டு பங்குனியில் வந்தது. பெப்ரவரியிலேயே பூமின் இரு முனைகளுக்கும் தேக்குப் பலகையால் அடைப்புச் செய்துவிட்டாராம். கரையிலுள்ள மரமொன்றில் ஸ்ரார்லிங்குக்கென்று ஒரு பெட்டியும் தொங்கவிட்டாராம். அதைப் பறவை திரும்பியும் பார்க்கவில்லை. தந்தையார் ஆவணியில் மீண்டும் வர இசைந்திருக்கிறாராம். ஆவணியில் எந்தப் பறவையும் முட்டையிடாது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கிழவர் கேட்டனுப்பினாராம். ஸ்ரார்லிங் இடாது, புறாவுக்கு நான் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறேன்.

கடிதத்தின் அடியில் இன்னொரு செய்தியும் இருந்தது. கந்தைத் துணியை அடைக்கச் சொன்ன அயற்கலத்துக்காரரின் பூமிலிருந்து இப்பொழுது வைக்கோல் தொங்குகிறதாம். அவருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தார். முட்டை எத்தனை என்று முதலிற் கேளும் என மறுமொழி அனுப்பினேன்.